சாப்பாடு, தூக்கம், நடை, மனசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடம்புக்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர்னு நாம பிரிச்சு வச்சிருக்கோம், ஆனா ரெண்டுக்கும் போறது அதே ரத்தம்தான், அதே சாப்பாடுதான், அதே தூக்கம்தான். இது சம்பந்தமா திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் எழுதியிருக்கேன். நான் டாக்டர் இல்ல, இந்த விஷயத்தை விடாம படிக்கிற ஆள், அவ்ளோதான்.

சாப்பாட்டுக்கும் மனசுக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கா, இல்ல சும்மா அடிச்சு விடுறாங்களா?

இருக்குங்க. யாரும் மறுக்க முடியாத ஒரு உதாரணம் சொல்றேன். போன நூற்றாண்டோட ஆரம்பத்துல அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல பெல்லக்ரான்னு ஒரு நோய் ஆட்டிப் படைச்சுது. தோல் உரியும், வயித்தால போகும், முத்திப்போனா புத்தி பேதலிச்சுடும், அதனால மனநல ஆஸ்பத்திரிகள்ல இந்த நோயாளிங்க நிறைய பேர் கிடந்தாங்க. தொத்துவியாதின்னுதான் பல டாக்டர்களே நம்பினாங்க. 1914-ல அரசாங்கம் ஜோசப் கோல்ட்பெர்கர்ங்கற டாக்டரை அனுப்புச்சு. அவர் போய் பார்த்தா, உள்ள இருக்கற நோயாளிக்கு வருது, அவங்களைத் தொட்டு குளிப்பாட்டி பார்த்துக்கற ஊழியர்களுக்கு வரல. தொத்துவியாதின்னா அவங்களுக்கும் வந்திருக்கணுமே? அப்புறம்தான் ரெண்டு பேரோட தட்டையும் பார்த்தார். நோயாளி தட்டுல பெரும்பாலும் மக்காச்சோள மாவும் சர்க்கரைப் பாகும்தான், பாலும் இறைச்சியும் போதல. அதை மாத்தினதும் நோய் இறங்கிடுச்சு. அப்பவும் நம்பாதவங்களுக்காக நோயாளியோட ரத்தத்தை தனக்கே ஊசியில ஏத்திக்கிட்டார், ஒண்ணும் ஆகல! நியாசின்ங்கற பி வைட்டமின்தான் குறையுதுன்னு 1937-ல கண்டுபிடிச்சாங்க, அதுக்கு முன்னாடியே அவர் செத்துப் போயிட்டார்.

மூளை நம்ம எடையில வெறும் 2 சதவீதம்தான், ஆனா ஓய்வா இருக்கும்போது உடம்பு செலவு பண்ற சக்தியில 20 சதவீதம் போல அதுவே எடுத்துக்குது. இவ்ளோ தின்னுற ஒரு உறுப்புக்கு நாம என்ன போடுறோம்ங்கறது முக்கியமில்லாம எப்படிப் போகும்?

அப்போ நல்லா சாப்பிட்டா டிப்ரஷன் போயிடுமா?

இங்கதான் நான் கொஞ்சம் பிரேக் போடுவேன். 2017-ல ஆஸ்திரேலியாவுல ஃபெலிஸ் ஜாக்கா டீம் ஒரு சோதனை வெளியிட்டாங்க. டிப்ரஷன் இருக்கற, சாப்பாடும் மோசமா இருந்த 67 பேர், 12 வாரம். பாதிப் பேருக்கு டயட்டீஷியன் உக்காந்து சாப்பாட்டை மாத்த உதவி பண்ணாங்க, அதாவது காய்கறி, பழம், பருப்பு வகை, மீன், முழுதானியம், ஆலிவ் எண்ணெய் இதெல்லாம் கூட்டி, இனிப்பும் பொரிச்சதும் பாக்கெட் ஐட்டமும் குறைச்சு. மீதிப் பேரோட அதே அளவு நேரம் சும்மா பேசிட்டு இருந்தாங்க. கடைசில சாப்பாடு மாத்தின குரூப்ல 32 சதவீதம் பேருக்கு டிப்ரஷன் நல்லாவே விட்டுடுச்சு, பேச்சு குரூப்ல 8 சதவீதம்.

கேக்க பிரமாதமா இருக்கு, ஆனா 67 பேருங்கறது சின்ன எண்ணிக்கை, தான் எந்த குரூப்ல இருக்கோம்னு எல்லாருக்கும் தெரியும் (சாப்பாட்டை மறைச்சு வச்சா குடுக்க முடியும்?), அதைவிட முக்கியம், அதுல பெரும்பாலானவங்க ஏற்கனவே மாத்திரையோ கவுன்சிலிங்கோ எடுத்துட்டு இருந்தவங்க. அதாவது சாப்பாடு சிகிச்சையோட சேர்ந்து வேலை செஞ்சுது, சிகிச்சைக்குப் பதிலா இல்ல. "மாத்திரையைத் தூக்கிப் போடுங்க, இந்த ஒரு ஜூஸ் போதும்"னு எவனாவது வீடியோ போட்டா அந்த இடத்துலயே மூடிடுங்க.

டயட் ஆரம்பிச்சாலே எனக்கு எரிச்சல், அழுகை, எப்பவும் சாப்பாட்டு நினைப்பு. எனக்கு மன உறுதி இல்லையா?

இந்தக் கேள்விக்குதான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்க விரும்புறேன், ஏன்னா நிறைய பேர் இதுக்காக தன்னைத் தானே திட்டிக்கறாங்க. இரண்டாம் உலகப் போர் முடியற நேரம், 1944-ல இருந்து 45 வரைக்கும், மினசோட்டா யுனிவர்சிட்டியில ஆன்செல் கீஸ்ங்கறவர் 36 ஆம்பளைங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணார். பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி திரும்ப சாப்பாடு குடுத்து தேத்தறதுன்னு தெரிஞ்சுக்கணும், அதுக்காக. எல்லாரும் சின்ன வயசு, நல்ல ஆரோக்கியம், மனசளவுல திடமானவங்கன்னு டெஸ்ட் பண்ணி எடுத்தவங்க, போருக்குப் போக மாட்டேன்னு கொள்கையா நின்னவங்க, அதனால மன உறுதியைப் பத்தி அவங்ககிட்ட யாரும் பேசவே முடியாது.

24 வாரம் பாதி பட்டினி. ஒரு நாளைக்கு சுமாரா 1,570 கலோரி, கூடவே வாரத்துக்கு 35 கிலோமீட்டர் போல நடை. எடை கால்வாசி போச்சு, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது மனசுக்கு ஆனது. சிரிப்பு போச்சு, சின்ன விஷயத்துக்குக் கோபம், யார்கூடயும் பழகப் பிடிக்கல, எதுலயும் ஆசை இல்ல. சமையல் புத்தகமா வாங்கி சேர்த்து வச்சு ராத்திரி உக்காந்து படிச்சாங்க, தட்டை நாக்கால வழிச்சு நக்கினாங்க, இருக்கற கொஞ்சத்தை தண்ணி விட்டுக் கலக்கி மணிக்கணக்கா சாப்பிட்டாங்க. திரும்ப சாப்பாடு குடுத்தப்பவும் உடனே சரியாகல, வயிறு நிறைஞ்சும் பசி அடங்காம சில பேர் மாசக்கணக்கா கஷ்டப்பட்டாங்க.

இதுல கவனிங்க, 1,570 கலோரி. இன்னிக்கு போன்ல டயட் ஆப்பைத் திறந்தா அதைவிடக் கம்மியா, 1,200 கலோரின்னு சர்வ சாதாரணமா டார்கெட் குடுக்குது. அந்த 36 பேரும் உங்களைவிட உயரமா, அதிகமா நடந்தவங்களா இருக்கலாம், அதனால நம்பரை அப்படியே ஒப்பிடக் கூடாதுதான், ஆனா விஷயம் ஒண்ணுதான்: பட்டினி போட்டா மூளை சாப்பாட்டைத் தவிர வேற எதையும் நினைக்க விடாது. எடை குறைக்கணும்னா மெதுவா குறைங்க, வயிறு நிறையற மாதிரி காய், பருப்பு, புரதம் வச்சுக்கங்க, எரிச்சல் ஏறுதுன்னா ரொம்ப வெட்டிட்டோம்னு அர்த்தம். சாப்பாட்டு நினைப்பும் எடை பயமும் சேர்ந்து நாளையே தின்னுதுன்னா, இல்ல சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கற பழக்கம் இருக்குன்னா, அது டயட் பிரச்சனை இல்ல, அதுக்குன்னு சிகிச்சை இருக்கு, தயவுசெஞ்சு போங்க.

பாக்கெட்ல வர்றது எல்லாமே விஷமா?

விஷம் கிஷம்னு சொல்லி பயமுறுத்தறது எனக்குப் பிடிக்காது. ஆனா 2019-ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் பண்ண சோதனை யோசிக்க வைக்குது. 20 பேரை உள்ளேயே தங்க வச்சு, ரெண்டு வாரம் அதிகம் பதப்படுத்தின சாப்பாடு, ரெண்டு வாரம் வீட்டுப் பக்குவத்துல சமைச்ச மாதிரி சாப்பாடு. ரெண்டுலயும் தட்டுல வச்ச கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம், எவ்ளோ வேணும்னாலும் சாப்பிடலாம்னு விட்டாங்க. பாக்கெட் ஐட்டம் வாரத்துல ஒரு நாளைக்கு 500 கலோரி போல எக்ஸ்ட்ரா உள்ள போச்சு, எடை ஒரு கிலோ கிட்ட ஏறிச்சு. மத்த ரெண்டு வாரத்துல கிட்டத்தட்ட அதே அளவு இறங்குச்சு. யாரும் அவங்களை அதிகமா தின்னுங்கன்னு சொல்லல, ஆனா வேகமா உள்ள போயிடுச்சு, மெத்து மெத்துன்னு இருக்கறது ஒரு காரணமா இருக்கலாம், வயிறு போதும்னு சொல்றதுக்குள்ள தட்டு காலி.

லேபிள் படிக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. முன்பக்கம் இருக்கற இலை படத்தையும் "இயற்கை"ங்கற வார்த்தையையும் விடுங்க, திருப்பிப் பாருங்க. பொருட்கள் பட்டியல் பொதுவா எடை வரிசையில இருக்கும், முதல்ல இருக்கறதுதான் அதிகம். முதல் மூணுல சர்க்கரை இருந்தா அது மிட்டாய்தான், பேர் என்னவா இருந்தாலும். அடுத்து "100 மி.லி-க்கு"ன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும், ஏமாறக்கூடாத இடம் அதுதான். ஒரு கோலா டின்ல 100 மி.லி-க்கு 10.6 கிராம் சர்க்கரைன்னு இருக்கும், பத்து கிராம்தானேன்னு தோணும், ஆனா டின் 330 மி.லி, அப்போ 35 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது, ஒரே டின்ல தாண்டியாச்சு.

தூக்கத்துக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 2004-ல சிகாகோவுல 12 இளைஞர்களை ரெண்டு ராத்திரி 4 மணி நேரம் மட்டும் படுக்க விட்டுப் பார்த்தாங்க. நல்லா தூங்க விட்டப்ப இருந்ததோட ஒப்பிட்டா, போதும்னு சொல்ற லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைஞ்சுது, பசியைத் தூண்டற கிரெலின் 28 சதவீதம் ஏறிச்சு, இனிப்பு, மாவுப் பண்டம் மேல ஆசை கூடிச்சு. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன் பார்த்துட்டு மறுநாள் மத்தியானம் கண்ணுல பட்டதெல்லாம் வாயில போட்டவங்களுக்கு இதுக்கு ஆதாரமே வேணாம்!

பெரியவங்களுக்கு குறைஞ்சது 7 மணி நேரம். காபி விஷயத்துல ஒண்ணு சொல்லணும், உள்ள போன கேஃபின்ல பாதி குறையவே சராசரியா 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். சாயங்காலம் 5 மணிக்கு குடிச்சா ராத்திரி 10 மணிக்கும் அதுல பாதி ரத்தத்துல ஓடிட்டு இருக்கும். "நான் காபி குடிச்சுட்டே தூங்குவேன்"னு சொல்றவங்களும் ஆழமா தூங்கறாங்களான்னு பார்க்கணும். அப்புறம் சத்தமா குறட்டை, நடுவுல மூச்சு நின்னு திணறல், பகல் முழுக்க தூக்கக் கலக்கம்னா ஸ்லீப் ஆப்னியாவா இருக்கலாம், அதுக்கு சூடா பால் குடிச்சா சரியாகாது, டெஸ்ட் பண்ணணும்.

எப்பவும் அசதி, எதுலயும் மனசு போகல. இது உடம்பா மனசா?

ரெண்டுல எதுவா வேணா இருக்கலாம், அதனாலதான் முதல்ல ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைஞ்சா அசதி, எடை ஏற்றம், மனச்சோர்வு எல்லாம் வரும், அப்படியே டிப்ரஷன் மாதிரி இருக்கும். இரும்புச்சத்து குறைஞ்சா படி ஏறினாலே மூச்சு வாங்கும், மாதவிடாய் அதிகமா போறவங்களுக்கு இது ரொம்ப சகஜம். பி12 குறைஞ்சா கை கால் மரத்துப் போறது, மறதி, மனசு இறங்கிப் போறது. பி12 இயற்கையா மிருக உணவுலதான் இருக்கு, அதனால பால் முட்டைகூட சேர்க்காத முழு சைவக்காரங்க தனியா எடுத்தே ஆகணும். சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருஷமா போடுறவங்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம், இதை கேட்டு டெஸ்ட் பண்ணிக்கங்க.

இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோட முழுங்கினா பாதி வீண். எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி வைட்டமின் சி இருக்கறதோட சேர்த்தா கீரை, பருப்புல இருக்கற இரும்பும் நல்லா சேரும். டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைங்க, போதும்.

உடற்பயிற்சி மனசுக்கு நல்லதுன்னு சொல்றாங்க, எவ்ளோ பண்ணணும்?

வாரத்துக்கு 150 நிமிஷம், பேச முடியும் ஆனா பாட முடியாதுங்கற வேகத்துல. முடிஞ்சா 300 வரைக்கும், கூட ரெண்டு நாள் தசைக்கு வேலை. முடியாதா, எவ்ளோ முடியுமோ அவ்ளோ, பூஜ்யத்துல இருந்து கொஞ்சத்துக்கு வர்றவங்களுக்குதான் லாபம் அதிகம்.

முதல்ல இதயத்துக்கு நல்லதுன்னு காட்டின ஒரு ஆராய்ச்சி, 1953-ல ஜெர்ரி மோரிஸ்ங்கறவர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். டிரைவர் நாள் முழுக்க உக்காந்திருக்கார், கண்டக்டர் டிக்கெட் குடுக்க நாளைக்கு நூத்துக்கணக்குல படி ஏறி இறங்கறார். மாரடைப்பு கண்டக்டருக்குக் கம்மி. மனசு விஷயத்துக்கு வந்தா, 1999-ல அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டியில டிப்ரஷன் இருந்த, 50 வயசு தாண்டின 156 பேரை மூணா பிரிச்சாங்க, சில பேருக்கு உடற்பயிற்சி, சில பேருக்கு செர்ட்ரலின் மாத்திரை, சில பேருக்கு ரெண்டும். 16 வாரத்துல மூணு குரூப்பும் கிட்டத்தட்ட சமமா தேறினாங்க, என்ன, மாத்திரை ஆரம்பத்துல சீக்கிரம் வேலை செஞ்சுது. அதுக்காக படுக்கையை விட்டு எழவே முடியாதவங்ககிட்ட "ஜாகிங் போ"ன்னு சொல்றது ஈவு இரக்கமில்லாத பேச்சு.

குடல்தான் ரெண்டாவது மூளையாமே? ப்ரோபயாடிக் (நல்ல பாக்டீரியா இருக்கற பொடி, மாத்திரை) வாங்கலாமா?

மனநிலையோட சம்பந்தப்படுத்திப் பேசற ரசாயனம் செரட்டோனின், உடம்புல இருக்கற அதுல 90 சதவீதத்துக்கு மேல குடல்லதான் உருவாகுது, இது உண்மை. ஆனா அது ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள போகாது, மூளை தனக்கு வேண்டியதை தானே தயாரிக்குது, இதை மட்டும் விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க. குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியா பேச்சுவார்த்தை இருக்கு, அது சரி. காசைக் கொட்டி டப்பா வாங்கறதுக்கு முன்னாடி நார்ச்சத்து ஒழுங்கா போகுதான்னு பாருங்க, ஒரு நாளைக்கு 25 கிராமாவது வேணும், தயிரும் சாப்பிடலாம்.

வைட்டமின் டி மாத்திரை போட்டா மூட் சரியாகுமா?

குறைபாடு இருந்தா போடணும், எலும்புக்காவது. இல்லாதவங்களுக்கு? 50 வயசு தாண்டின 18,353 பேருக்கு தினம் 2,000 யூனிட் குடுத்து அஞ்சு வருஷம் போல பார்த்தாங்க, டிப்ரஷன் வர்றதைத் தடுக்கல. 2020-ல வந்த முடிவு.

சிகரெட்டும் மதுவும்தான் எனக்கு ரிலாக்ஸ், அதையும் விடச் சொன்னா எப்படி?

சிகரெட் குடுக்கற நிம்மதி பெரும்பாலும் முந்தின சிகரெட் போனதால வந்த தவிப்பு அடங்கறதுதான். 26 ஆராய்ச்சிகளை ஒண்ணா சேர்த்து 2014-ல பார்த்தப்ப, விட்டவங்களுக்கு பதட்டமும் மனச்சோர்வும் விடாதவங்களைவிட குறைஞ்சிருந்துச்சு. முதல் சில வாரம் படுத்தும், அதைத் தாண்டணும். மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனா ராத்திரி பின்பாதி தூக்கத்தைக் கெடுக்கும், காலைல பதட்டத்தோட எழுப்பும். தினமும் நிறைய குடிக்கறவங்க திடீர்னு தானா நிறுத்தாதீங்க, வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டரை வச்சுதான் நிறுத்தணும்.

மனசே சரியில்லாதப்ப சமையல், நடை, தூக்கம்னு லிஸ்ட் குடுத்தா எங்க போய் ஆரம்பிக்கறது?

லிஸ்ட்டைக் கிழிச்சுப் போடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும், என் ஓட்டு எழுந்திருக்கற நேரத்துக்கு. எத்தனை மணிக்கு தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்து ஜன்னல் பக்கமோ வெளியவோ பத்து நிமிஷம் வெளிச்சத்துல நில்லுங்க, மீதி மெதுவா ஒட்டிக்கும். சமைக்க முடியாத நாளுக்கு வேகவச்ச முட்டை, வாழைப்பழம், ஒரு கைப்பிடி கடலை, தயிர், இதுவே நல்ல சாப்பாடுதான், யாரும் மார்க் போட வரப்போறதில்ல. 21 நாள்ல பழக்கமாகிடும்னு சொல்றதையும் நம்பாதீங்க, லண்டன்ல 96 பேரை வச்சுப் பார்த்தப்ப நடுவுல நிக்கற ஆளுக்கு 66 நாள் ஆச்சு, 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் ஆளுக்கு ஆள் மாறிச்சு. நடுவுல ஒரு நாள் விட்டுப் போனதால பெரிசா ஒண்ணும் கெட்டுப் போகல.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்?

ரெண்டு வாரத்துக்கு மேல மனசு இறங்கியே கிடந்தா, வேலையோ வீடோ பார்க்க முடியலன்னா, காரணமில்லாம எடை இறங்கினா, போங்க. செத்துப் போயிடலாம்னு எண்ணம் வந்தா அன்னிக்கே, தனியா இருக்காம, பக்கத்துல யாரையாவது கூப்பிட்டுக்கிட்டு.

ஏற்கனவே மனநல மாத்திரை போடுறேன், சாப்பாட்டுல எதை கவனிக்கணும்?

லித்தியம் போடுறவங்க திடீர்னு உப்பைக் குறைக்கவோ தண்ணி வத்தற மாதிரி விரதம் இருக்கவோ கூடாது, ரத்தத்துல மருந்து அளவு ஏறிடும். எம்.ஏ.ஓ.ஐ-ங்கற பழைய வகை டிப்ரஷன் மாத்திரைன்னா நாள்பட்ட சீஸ், சோயா சாஸ், பதப்படுத்தின இறைச்சி மாதிரி ஐட்டத்தால ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம். மூலிகைதானேன்னு செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை டிப்ரஷன் மாத்திரையோட சேர்க்காதீங்க. க்ளோஸபின், ஓலன்ஸபின் போடுறவங்க சிகரெட்டை விட்டா சந்தோஷம்தான், ஆனா புகை நின்னதும் மருந்து உடம்புல அதிகமா தங்கும், அதனால விடறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொன்னா டோஸைப் பார்த்துக் குறைப்பாங்க. எடை ஏறுதுன்னு நீங்களா மாத்திரையை நிறுத்த வேணாம், அதையும் அவர்கிட்டயே கேளுங்க, சில பேருக்கு வேற மாத்திரைக்கு மாத்தலாம்.